வீட்டுப் பூனை திடீரென்று பாய்ந்து கடிக்கிறதா? திசைமாறிய ஆக்ரோஷத்தைச் சமாளிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

“ஒரு காரணமும் இல்லாமல் பாய்ந்து கடித்துவிட்டது” என்று பூனை வளர்ப்பவர்கள் சொல்லும்போதெல்லாம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: அதற்கு முந்தைய சில மணி நேரத்தில் வீட்டைச் சுற்றி என்ன நடந்தது? கொஞ்சம் யோசித்துவிட்டு, “காலையில் ஒரு தெருப்பூனை ஜன்னலுக்கு வெளியே வந்து நின்றது, இது உறுமிக்கொண்டே இருந்தது. ஆனால் அது போய் ரொம்ப நேரமாகிவிட்டதே” என்பார்கள். நம் கணக்குக்குத்தான் அது ரொம்ப நேரம். பூனையின் உடம்பில் அந்தச் சண்டை இன்னும் ஓயவில்லை.

இதைத் திசைமாறிய ஆக்ரோஷம் என்கிறார்கள். ஏதோ ஒன்று பூனையை உசுப்பிவிடுகிறது. அதன்மேல் பாயவும் முடியவில்லை, அதைவிட்டு ஓடவும் முடியவில்லை. நடுவில் கண்ணாடியோ கதவோ நிற்கிறது. ஏறிய வெறி, அந்த நேரத்தில் யார் பக்கத்தில் இருக்கிறார்களோ அவர்கள்மேல் இறங்குகிறது. அது நீங்களாக இருக்கலாம், வீட்டுக் குழந்தையாக இருக்கலாம், ஒன்றாகவே வளர்ந்த இன்னொரு பூனையாகவும் இருக்கலாம். உங்கள்மேல் வெறுப்போ பழிவாங்கும் எண்ணமோ இதில் துளியும் கிடையாது. இதை மனதார ஏற்றுக்கொண்டால்தான் கீழே சொல்லும் எதையும் பொறுமையாகச் செய்ய முடியும்.

வெறி அடங்க எவ்வளவு நேரம் ஆகும்? சில பூனைகள் அரை மணியில் தெளிந்துவிடும். பலவற்றுக்குப் பல மணி நேரம் வேண்டும். ஒரு நாள், இரண்டு நாள் வரை நீள்வதும் உண்டு. பூனை அமைதியாகிவிட்டது என்று நினைத்துச் சமாதானப்படுத்தப் போய்க் கடி வாங்குவதுதான் இதில் வழக்கமாக நடப்பது. நான் இங்கே திரும்பத் திரும்பச் சொல்லப்போவதும் அதனால்தான்: நேரம் கொடுங்கள்.

படி 1: வெறி ஏறுவதைக் கண்டுபிடியுங்கள்

ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கும் உங்கள் பூனையைச் சற்று தள்ளி நின்று கவனியுங்கள். சும்மா வேடிக்கை பார்க்கும் பூனையின் காதுகள் ஒவ்வொரு சத்தத்துக்கும் தனித்தனியாகத் திரும்பும். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் ஒரு காதாவது உங்கள் பக்கம் வரும். வெறி ஏறிய பூனை அப்படியில்லை. பார்வை ஒரே இடத்தில் குத்திட்டு நிற்கும், கூப்பிட்டாலும் காது அசையாது. உடம்பு கல்லாக இறுகியிருக்க, வால் நுனி மட்டும் வெடுக் வெடுக்கென்று துடிக்கும். பிறகு மொத்த வாலும் தரையில் அடிக்கத் தொடங்கும். முதுகுத் தோல் அலை அலையாகச் சிலிர்க்கும். பளிச்சென்ற பகல் வெளிச்சத்திலும் கண்பாவை விரிந்து, கண் முழுக்கக் கறுப்பாகத் தெரியும். காதுகள் பக்கவாட்டில் மடங்கித் தலையோடு ஒட்டிக்கொள்ளும். அடித்தொண்டையிலிருந்து இழுத்து இழுத்து ஒரு ஊளை கிளம்பும்.

இந்த அடையாளங்களில் இரண்டு மூன்று சேர்ந்து தெரிந்தாலே போதும், அந்தப் பூனையைத் தொடக் கூடாது. செல்லமாகக் கொஞ்சுவதும் வேண்டாம், ஜன்னலிலிருந்து தூக்கி இறக்குவதும் வேண்டாம். வீட்டில் குழந்தைகள் இருந்தால், “கண்ணு கறுப்பா இருந்தா கிட்ட போகக்கூடாது” என்ற ஒரே விதியை மட்டும் சொல்லிக்கொடுங்கள். சின்னக் குழந்தைக்குக்கூட அது புரியும்.

படி 2: பாயப்போகும் அந்த நிமிடத்தில்

கண்ணோடு கண் பார்க்காதீர்கள். உடம்பைப் பக்கவாட்டில் திருப்பி, மெதுவாகப் பின்வாங்கி, அறையை விட்டு வெளியேறிக் கதவைச் சாத்துங்கள். ஓடினால் துரத்தும். பூனைக்கும் உங்களுக்கும் நடுவில் பிடிக்க ஏதாவது பெரிய தட்டையான பொருள் வேண்டும்: சோபா குஷன், மடித்த தடிமனான போர்வை, அட்டைப்பெட்டியைப் பிரித்தெடுத்த பெரிய அட்டை. பூனையை அடிக்கவோ நெருக்கவோ அல்ல, அது உங்களைப் பார்க்க முடியாதபடி மறைக்க மட்டும். ஏற்கெனவே ஒருமுறை இப்படி நடந்திருந்தால், ஒவ்வொரு அறையிலும் கதவருகே ஒரு அட்டையைச் சாய்த்து வையுங்கள். அவசரத்தில் தேடிக்கொண்டிருக்க நேரம் இருக்காது.

வெளியே நிற்கும் பூனைதான் காரணம் என்று தெரிந்தால் திரைச்சீலையை இழுத்துவிடலாம். அதுவும் உங்கள் பூனையைக் கடக்காமல் திரையை எட்ட முடிந்தால் மட்டுமே.

திட்டுவது, தண்ணீர் பீய்ச்சுவது, அடிப்பது எதுவும் வேண்டாம். பூனை ஏற்கெனவே பயத்தின் உச்சியில் இருக்கிறது. அந்த நேரத்தில் நீங்கள் கொடுக்கும் இரண்டாவது அதிர்ச்சி உங்கள் முகத்தோடு சேர்ந்து அதன் நினைவில் பதிந்துவிடும். நாளைக்கு ஜன்னலில் எதுவும் இல்லாமலேயே உங்களைக் கண்டு சீறும்.

இரண்டு பூனைகள் கட்டிப் புரண்டு சண்டை போட்டால், எக்காரணம் கொண்டும் நடுவில் கையை விடாதீர்கள். அட்டையை இடையில் செருகிப் பிரித்துவிடுங்கள், அல்லது ஒன்றின்மேல் போர்வையைப் போடுங்கள். பிரிந்ததும் எந்தப் பூனை எந்த அறைப் பக்கம் ஓடுகிறதோ அங்கேயே விட்டுக் கதவைச் சாத்துங்கள். தூக்கிக்கொண்டு போக வேண்டாம்.

படி 3: கடிபட்டிருந்தால்

பூனையை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், முதலில் காயம். பூனையின் கோரைப்பல் ஊசிபோல மெலிதானது. வெளியே சின்னப் புள்ளியாகத் தெரியும் காயம் உள்ளே ஆழமாக இருக்கும். மேல்தோல் சீக்கிரம் மூடிக்கொள்ள, பாஸ்டுரெல்லா போன்ற பாக்டீரியாக்கள் உள்ளே பெருகும். ஒரே நாளுக்குள் வீங்கிச் சிவந்துவிடுவது சாதாரணமாக நடப்பது. விரல், மணிக்கட்டு, மூட்டு ஆகிய இடங்களில் கடித்திருந்தால் ஆபத்து இன்னும் அதிகம்.

ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். ரேபீஸ் பரவக்கூடிய விலங்குகளின் கடிக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவும் இதுதான். பிறகு மருத்துவரைப் பாருங்கள், தோல் துளைத்த கடியென்றால் அன்றைக்கே. டெட்டனஸ், ரேபீஸ் தடுப்பூசிகளும் ஆன்டிபயாடிக்கும் தேவையா என்பதை அவர் முடிவு செய்யட்டும். “எங்கள் வீட்டுப் பூனைதானே” என்று விட்டுவிடாதீர்கள். சர்க்கரை நோயாளிகளும் நோய் எதிர்ப்பு சக்தி குறைந்தவர்களும் ஒரு மணி நேரம்கூடத் தள்ளிப்போடக் கூடாது.

படி 4: ஆற ஒரு அறை, ஆறும் வரை நேரம்

பூனை அடங்குவதற்கென்று ஒரு அறையை முன்கூட்டியே முடிவு செய்துவையுங்கள். தண்ணீர், லிட்டர் ட்ரே (பூனை மலஜலம் கழிக்கும் தட்டு), நுழைந்து ஒளிந்துகொள்ள ஒரு அட்டைப்பெட்டி, மங்கலான வெளிச்சம் இருந்தால் போதும். தெருவைப் பார்த்த ஜன்னல் இருந்தால் திரை போட்டுவிடுங்கள். பூனை அந்த அறைக்கு வராமல் வேறு அறையில் மாட்டிக்கொண்டால், அதைக் கிளப்ப முயலாதீர்கள். அது இருக்கும் அறையையே அடங்கும் அறையாக்கிவிடுங்கள். வாய்ப்புக் கிடைக்கும்போது ட்ரேயையும் தண்ணீரையும் கதவிடுக்கு வழியாக உள்ளே தள்ளிவிடலாம்.

பிறகு நீங்கள் ஒன்றும் செய்யக் கூடாது. பூனையை நேசிப்பவர்களுக்கு இதுதான் மிகக் கடினமான படி என்று எனக்குத் தெரியும். கதவுக்குப் பின்னால் அது தனியாக இருக்கிறதே, பயந்துபோயிருக்குமே என்று மனம் அடித்துக்கொள்ளும். ஆனால் பூனை தன்னைத்தானே ஆற்றிக்கொள்ளும் விதமே தனிமைதான். அதன் அருகில் போகாமல் இருப்பதுதான் அப்போது நீங்கள் காட்டக்கூடிய அன்பு.

சில மணி நேரம் கழித்துக் கதவைக் கொஞ்சமாகத் திறந்து, உள்ளே போகாமல், தரையில் உட்கார்ந்து, வேறு பக்கம் பார்த்தபடி அதற்குப் பிடித்த தின்பண்டம் ஒன்றை உருட்டிவிடுங்கள். சாப்பிடுகிறதா? உடம்பை நக்கிச் சுத்தம் செய்கிறதா? கண்ணை மெதுவாக மூடித் திறக்கிறதா? வாலை நிமிர்த்திக்கொண்டு தானாக உங்களை நோக்கி வருகிறதா? அப்படியானால் வெறி இறங்கத் தொடங்கிவிட்டது. கண் இன்னும் கறுப்பாக இருந்தாலோ, உடம்பைத் தரையோடு ஒட்டிவைத்திருந்தாலோ கதவைச் சாத்திவிட்டு மறுபடி சில மணி நேரம் காத்திருங்கள். தெளிந்துவிட்டதாகத் தோன்றினாலும் அன்று முழுக்கத் தூக்கவோ தடவவோ வேண்டாம். அது வந்து உரசட்டும், நீங்கள் கையை அப்படியே வைத்திருங்கள். அன்றிரவு உங்கள் படுக்கையறைக் கதவு சாத்தியிருப்பது நல்லது.

படி 5: கால்நடை மருத்துவர்

இதற்கு முன் சாதுவாக இருந்த பூனை திடீரென்று இப்படி மாறினால், உடம்பில் எங்கோ வலி இருக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். பல் நோய், மூட்டுத் தேய்மானம், வயதான பூனைகளில் அதிகமாகச் சுரக்கும் தைராய்டு, பார்வையோ கேட்கும் திறனோ மங்குவது, வலிப்பு போன்ற மூளைக் கோளாறுகள் எல்லாமே பூனையின் பொறுமையைக் குறைத்துவிடும். வலி இருக்கும் பூனைக்குச் சின்னத் தூண்டுதலே போதும். வெறி முழுதும் அடங்கிய பிறகு கூட்டிக்கொண்டு போங்கள். சம்பவத்தைப் பாதுகாப்பான தூரத்திலிருந்து வீடியோ எடுக்க முடிந்திருந்தால் அதையும் காட்டுங்கள். மருத்துவமனை மேசையில் உட்கார்ந்திருக்கும் பூனையைவிட அந்த வீடியோ அவருக்கு அதிகம் சொல்லும்.

படி 6: எது உசுப்பியது?

எய்தவன் இருக்க அம்பை நோகாதீர்கள். பூனையின் குணத்தைத் திருத்தப் பார்ப்பதைவிட, அதைத் தூண்டியது எது என்று கண்டுபிடிப்பதில் நேரத்தைச் செலவிடுங்கள். ஒரு நோட்டில் தேதி, நேரம், எந்த அறை, யார் யார் இருந்தார்கள், ஜன்னல் திறந்திருந்ததா, என்ன சத்தம், யார் வந்து போனார்கள் என்று எழுதுங்கள். கடித்த நேரத்தை மட்டும் எழுதினால் போதாது, அதற்கு முந்தைய அரை நாளையும் எழுத வேண்டும்.

முதல் சந்தேகம் வெளியிலிருந்து வரும் பூனைமேல்தான் இருக்கட்டும். அடுத்து ஒலி. மனிதக் காது ஏறத்தாழ 20 கிலோஹெர்ட்ஸோடு நின்றுவிடும். பூனைக்கு சுமார் 85 கிலோஹெர்ட்ஸ் வரை கேட்கும். உங்களுக்கு நிசப்தமாக இருக்கும் அறையில் ஒரு சார்ஜரோ மின்கருவியோ அதன் காதைக் குடைந்துகொண்டிருக்கலாம். பாத்திரம் விழும் ஓசை, ட்ரில் மெஷின், பட்டாசு, வீறிட்டு அழும் குழந்தை எல்லாமே பட்டியலில் உண்டு. மூன்றாவது வாசனை. வேறொரு வீட்டுப் பூனையைத் தடவிவிட்டு வந்த விருந்தாளியின் உடை, வெளிப்பூனை வாசற்கதவில் அடித்துவிட்டுப் போன சிறுநீர், மருத்துவமனை வாசனையோடு திரும்பி வந்த உடன்வளரும் பூனை. கடைசியாகச் சொன்னது பலர் வீட்டில் நடப்பது. காலையில் ஒன்றாகச் சுருண்டு தூங்கிய பூனையையே சாயங்காலம் அடையாளம் தெரியாமல் தாக்கும்.

படி 7: ஜன்னலைச் சரிசெய்யுங்கள்

வெளிப்பூனைதான் காரணமென்று உறுதியானால், ஜன்னல் கண்ணாடியில் வெளிச்சத்தை விட்டு உருவத்தை மறைக்கும் ஃப்ராஸ்டட் ஃபிலிம் ஒட்டுங்கள். கீழ்ப்பாதி மட்டும் ஒட்டினால் போதும் என்பார்கள். பக்கத்தில் அலமாரியோ மேசையோ இருந்தால் பூனை அதன்மேல் ஏறி மேல்பாதி வழியாகப் பார்க்கும். அது எங்கெல்லாம் ஏற முடியுமோ அந்த உயரம்வரை ஒட்டுங்கள். கூடவே, வெளிப்பூனை வராத வேறு ஜன்னலில் வானமும் மரமும் தெரியும் உயரத்தில் ஒரு திண்டு அமைத்துக்கொடுங்கள். வேடிக்கை பார்ப்பதே இல்லாமல் போனால் அதுவும் வீட்டுப் பூனைக்கு ஒரு வேதனை.

வெளிப்பூனைக்கு நீங்கள் சாப்பாடு வைப்பவர் என்றால் நிறுத்தச் சொல்ல மாட்டேன், இடத்தை மட்டும் மாற்றுங்கள். உங்கள் பூனையின் கண்ணுக்கும் மூக்குக்கும் எட்டாத தூரத்தில் வையுங்கள். கதவிலும் சுவரிலும் அது அடித்துவைத்த சிறுநீரை என்சைம் கலந்த கிளீனரால் கழுவுங்கள். அம்மோனியா உள்ள கிளீனர்கள் சிறுநீர் வாசனையையே நினைவூட்டும் என்பதால் வேண்டாம். இரண்டு தரப்புக்கும் கருத்தடை ஆகியிருந்தால் எல்லைச் சண்டை குறையும். வாசனை எண்ணெய்களைத் தெளித்து விரட்டலாம் என்ற யோசனையை விட்டுவிடுங்கள். அவற்றில் பலவும் பூனைகளுக்கு நஞ்சு.

படி 8: இரண்டு பூனைகளை மறுபடி சேர்த்துவைப்பது

அதிகப் பொறுமை தேவைப்படும் இடம் இது. தாக்கிய பூனை தெளிந்துவிட்டாலும் தாக்கப்பட்ட பூனைக்குப் பயம் போயிருக்காது. அது பயந்து ஓடும், ஓடுவதைப் பார்த்து மற்றது துரத்தும், ஒரே ஒரு சம்பவத்தில் தொடங்கியது நிரந்தரப் பகையாகிவிடும். அதனால் இரண்டும் புதிதாக அறிமுகமாகும் பூனைகள் என்றே வைத்துக்கொண்டு முதலிலிருந்து தொடங்குங்கள். சின்ன உரசல் என்றால் சில நாள், கடுமையான சண்டை என்றால் பல வாரம் ஆகும்.

முதலில் முழுப் பிரிப்பு. ஒன்றை ஒன்று பார்க்கவே கூடாது. தனித்தனி அறை, தனித்தனி ட்ரே, தனித்தனி சாப்பாடு. இரண்டும் இயல்பாகச் சாப்பிட்டுத் தூங்கி விளையாடத் தொடங்கிய பிறகே அடுத்த கட்டம்.

அடுத்து வாசனை. ஒன்று படுத்த துணியை மற்றதன் அறையில் ஒரு மூலையில் போடுங்கள். மூக்கருகே கொண்டுபோய் நீட்ட வேண்டாம். ஒரு மெல்லிய துணியால் ஒன்றின் கன்னத்தைத் தடவி, மற்றது உரசும் நாற்காலிக் காலில் தடவுங்கள். பிறகு அறைகளை மாற்றி விடுங்கள். முகர்ந்துவிட்டுச் சீறாமல் நகர்ந்தால் முன்னேற்றம்.

மூன்றாவதாக, மூடிய கதவின் இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் சாப்பாடு. தட்டுகளைக் கதவிலிருந்து தள்ளி வைத்துத் தொடங்கி, நாளுக்கு நாள் கொஞ்சம் கொஞ்சமாக நெருக்குங்கள். சாப்பாட்டை விட்டுவிட்டுக் கதவை முறைத்தால் நீங்கள் அவசரப்பட்டுவிட்டீர்கள் என்று பொருள். முந்தின நாள் தூரத்துக்குத் திரும்புங்கள்.

அதன்பிறகுதான் பார்வை. வலைக்கதவோ குழந்தைகளுக்கான தடுப்புக் கேட்டோ இருந்தால் அதன்மேல் ஒரு துணியைப் போட்டு, அடியில் மட்டும் சிறிது விலக்குங்கள். ஒன்றிரண்டு நிமிடம் போதும். இரண்டும் நன்றாக இருக்கும்போதே துணியை இறக்கிவிட வேண்டும். சீறும்வரை காத்திருந்து பிரித்தால் அந்தச் சீறல்தான் அவற்றின் நினைவில் நிற்கும். மெதுவாக நேரத்தைக் கூட்டி, கடைசியில் பெரிய அறையில் இரண்டு பேர் ஆளுக்கொரு பூனையோடு நீளக்குச்சி பொம்மை வைத்து விளையாடியபடி ஒன்றாக விடுங்கள். யாரும் வீட்டில் இல்லாத நேரங்களிலும் இரவிலும் பல நாள் வரை தனித்தனியாகவே இருக்கட்டும். “சண்டை போட்டு அவையே தீர்த்துக்கொள்ளும்” என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். பூனைகளுக்குச் சண்டைக்குப் பின் சமாதானம் பேசும் பழக்கம் இல்லை.

படி 9: அன்றாட வாழ்க்கை

அமெரிக்க, பன்னாட்டுப் பூனை மருத்துவர் அமைப்புகள் சேர்ந்து 2013-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் வீட்டுப் பூனையின் தேவைகளை ஐந்தாகப் பிரிக்கிறது: பாதுகாப்பான இடம், தனித்தனியே அமைந்த சாப்பாடு, தண்ணீர், ட்ரே, படுக்கை, வேட்டையாடி விளையாட வாய்ப்பு, மனிதர்களோடு ஒரே மாதிரியான, எதிர்பார்க்கக்கூடிய பழக்கம், வாசனையை மதிக்கும் சூழல். திசைமாறிய ஆக்ரோஷத்துக்கும் இதுவே அடிப்படை. ஏற்கெனவே மன அழுத்தத்தில் இருக்கும் பூனைதான் சட்டென்று கொதிநிலையை எட்டும். பூனைகளின் எண்ணிக்கையைவிட ஒரு ட்ரே கூடுதலாக, வெவ்வேறு இடங்களில் வையுங்கள். தினமும் இரண்டு வேளை பத்துப் பதினைந்து நிமிடம் துரத்திப் பிடிக்கும் விளையாட்டு, முடிந்ததும் சாப்பாடு. கையையும் காலையும் பொம்மையாக்கி விளையாடுவதை வீட்டில் எல்லோரும் நிறுத்த வேண்டும்.

படி 10: மருந்து

பூனையின் கன்னத்தில் சுரக்கும் வாசனைப் பொருளைப்போலச் செயற்கையாகத் தயாரித்த ஃபெரமோன் டிஃப்யூசர்கள் சில வீடுகளில் உதவுகின்றன, சிலவற்றில் ஒரு மாற்றமும் தெரிவதில்லை. முயன்று பார்க்கலாம், அதை மட்டும் நம்பியிருக்க வேண்டாம். தாக்குதல் திரும்பத் திரும்ப நடந்தால், அல்லது எது தூண்டுகிறது என்று தெரிந்தும் தடுக்க முடியாவிட்டால், கால்நடை மருத்துவரிடம் மருந்து பற்றிப் பேசுங்கள். மருத்துவமனைக்குப் போகும் நாள், பட்டாசு வெடிக்கும் நாள் போன்ற முன்கூட்டியே தெரிந்த பதற்றங்களுக்கு கபாபென்டின் தருவார்கள். நீண்ட காலத்துக்கு ஃப்ளூவாக்ஸெடின் போன்றவை; அவற்றின் முழுப் பலன் தெரிய நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். அளவு, நாள், நிறுத்தும் முறை எல்லாம் அவர் சொன்னபடிதான். மனிதர்களுக்கான மாத்திரைகளைக் கைவசம் இருக்கிறதே என்று கொடுத்துவிடாதீர்கள். பாரசிட்டமால் ஒரே மாத்திரை பூனையின் உயிரைப் பறிக்கும்.

எல்லாம் செய்தும் இரண்டு பூனைகளும் சேரவே இல்லையென்றால், வீட்டை அவற்றுக்கிடையே பங்கிட்டுக் கொடுப்பதில் எந்தத் தவறும் இல்லை. ஒன்றுக்கு மாடி, ஒன்றுக்குக் கீழ். அல்லது காலையில் ஒன்றுக்கு ஹால், மாலையில் மற்றதற்கு. ஒரே ஒழுங்கில், ஒரே நேரத்தில் கதவுகளை மாற்றித் திறந்து வந்தால் பூனைகள் அந்த அட்டவணைக்குப் பழகிவிடும்.